செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் ஆகியோருக்கும், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வந்துகொண்டே இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் தூண்டில் மீன்பிடிச் சங்கம் செய்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பொதுக்குழுவை எதற்காக மே மாத வெயிலில் கூட்டுகிறீர்கள் என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் வீசுகிறவருக்கு இல்லை. இருந்தாலும் அந்த நாட்களில் சங்கத்தின் பெயரில் பயணம் வைப்பதில்லை என்பது நம் பழைய தீர்மானம். ஆகவே, “அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தேன்” என்று யாரும் சொல்ல முடியாத பருவம் இது. மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

வழக்கமான நிகழ்ச்சிகள்

செயற்குழு விதிப்படி கூடியது. சுதந்திர தினத்தன்று தலைவர் கொடியேற்றினார். ஆயுத பூஜையன்று ராடுகளையும் ரீல்களையும் வரிசையாக வைத்துப் பொட்டிட்டோம். ரீலின் பல்சக்கரத்துக்குள் குங்குமம் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி சென்ற ஆண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், இந்த ஆண்டும் கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பரில் முதலுதவி வகுப்பு நடந்தது. கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை அமிழ்த்தி வைக்க வேண்டும், முள் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். வகுப்புக்கு வந்தவர்களைவிட, பிறகு முள் குத்திக்கொண்டு என்ன செய்வது என்று இரவில் எனக்குத் தொலைபேசி செய்தவர்கள் அதிகம்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த ஆண்டு மறைந்தார். சந்தாவை ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டிவிடுபவர். அவருடைய மூங்கில் தூண்டிலைக் குடும்பத்தார் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு நம் அஞ்சலி.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை பயணம் எதுவும் வைக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் நம் கரையோரம் தூண்டிலுக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மரக்காணம் வரையிலான நம் இடங்கள் எல்லாம் அந்த மழையின் எல்லைக்குள்தான். டிசம்பர் நடுவிலும் மழை விடவில்லை. உப்பங்கழிகள் செம்மண் கரைசலாக ஓடின, பக்கிங்காம் கால்வாயிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டங்கூட்டமாகக் கடலுக்குப் போனது.

இதிலும் ஒரு நன்மை உண்டு. கோடையில் மணல் மேடிட்டு அடைந்துபோகும் முகத்துவாரங்களை வெள்ளம்தான் அறுத்துத் திறக்கிறது. முகத்துவாரம் திறந்தால்தான் கடல் நீர் உள்ளே ஏறும். இறாலும் மடவை மீன் குஞ்சும் வெளியேறும். அவற்றைத் தின்னக் கொடுவா, செப்பிலி போன்ற பெரிய மீன்கள் முகத்துவாரத்துக்கு வந்து நிற்கும். வாயலூர் தடுப்பணையைத் தாண்டிப் பாலாற்றுத் தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்க்கவே சில உறுப்பினர்கள் குடும்பத்தோடு போய்வந்தார்கள். அது சங்கப் பயணம் அல்ல. பெட்ரோல் கணக்கு எனக்கு அனுப்பப்பட்டது, திருப்பி அனுப்பிவிட்டேன்.

குளிர்காலப் பயணங்கள்

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடியும் வரை கிடைத்த பருவத்தைப் போல அண்மையில் ஒன்று கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. சென்னையில் மார்கழிக் குளிர் என்பதே 20 டிகிரியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான். இந்த முறை அதுவும் அரைமனதோடு வந்தது. கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று பல நாட்களில் காலை ஒன்பது மணி வரை எழவே இல்லை. கொடுவா வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன். நீர் குளிர்ந்தால் மந்தமாகி அடியில் கிடக்கும், முகத்துக்கு நேரே இரை போனாலும் வாயைத் திறக்காது. இந்தக் குளிர்காலத்தில் அது மந்தமாகவே இல்லை. தண்ணீர் தெளிந்தது, உப்பு ஏறியது, மீன் கடித்தது. நாம் போக வேண்டியதுதான் பாக்கி.

போனவர்கள் யார் என்பதைச் ‘சந்தாவும் வருகையும்’ என்ற தலைப்பின் கீழ்ச் சொல்கிறேன்.

முட்டுக்காட்டில் ஞாயிறு காலைகளில் கூடினோம். படகுக் குழாம் திறந்து இரைச்சல் தொடங்குவதற்குள் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நம் வழக்கம். கிழங்கான், ஊடகம், சிறு பாறை ஆகிய மீன்கள் நிறையக் கிடைத்தன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிழங்கான்தான் சரியான பள்ளிக்கூடம்: சிறு தூண்டில் முள், எடைக்குக் கொஞ்சம் ஈயம், விரல் நுனியளவு இறால் துண்டு, அலை உடையும் பள்ளத்தில் போட்டு மெல்ல இழுத்தால் போதும். இறக்குமதியான செயற்கை இரைப் பெட்டிகளோடு வந்த சில மூத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிய ஒரு காலையில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்குக் குழம்பு வைக்கும் அளவுக்குக் கிழங்கான் பிடித்துக்கொண்டு போனான்.

கடப்பாக்கத்திலிருந்து ஃபைபர் படகில் ஆலம்பரைக்குப் போனோம். இடிந்த கோட்டைச் சுவருக்கு எதிரே, மணல்திட்டு முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில் ஒரு காலா மீன் கூட்டம் ஏறிவந்தது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். கோட்டையில் 1760-ல் ஆங்கிலேயர் வைத்த வெடிக்கு மிஞ்சிய செங்கல்லில் சிலர் தங்கள் பெயரைக் கீறிவிட்டு வந்தார்கள். நம் உறுப்பினர்கள் அல்ல என்று நம்புகிறேன்.

பழவேற்காட்டுக்குப் பொங்கலுக்குப் பின், காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு போனோம். அந்த ஏரியில் வலைக்கு ‘பாடு’ முறை உண்டு என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ன நாள், இன்ன துறையில், இன்ன குடும்பத்தார் வலை கட்டலாம் என்று மீனவ ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு பல தலைமுறையாக நடத்துகிறார்கள். ஒருவருக்குத் தன் முறை வருவதற்குப் பல நாள் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த நாளில் அவர் வலைக்கு முன்னால் போய் நின்று நாம் பொழுதுபோக்குக்குத் தூண்டில் வீசினால் அவருக்கு என்ன தோன்றும்? இதனால்தான் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, எங்கே நிற்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குகிறோம். “அதற்கு அரை நாள் வீணாகிறது” என்று ஒருவர் முணுமுணுத்தார். அந்த அரை நாளில்தான் பூநாரைகள் தெரியும் இடத்தையும், அவற்றைக் கலைக்காமல் ஒதுங்கிப்போகும் வழியையும், மதியம் நல்ல நண்டு கிடைக்கும் வீட்டையும் அவர்கள் காட்டிக்கொடுத்தார்கள்.

அங்கே படகில் ஏறும்போது உயிர்காப்புச் சட்டை அணிய மறுத்த இருவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதற்கு என்மீது செயற்குழுவில் புகார் வந்தது. அதை நானே வாசித்து நானே கோப்பில் வைத்தேன். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகில் ஆள் அதிகம், ஒருவரிடமும் உயிர்காப்புச் சட்டை இல்லை. தொப்பை மேல் பட்டி ஏறவில்லை என்பது எனக்குப் போதுமான காரணமாகப் படவில்லை. பெரிய அளவில் இரண்டு சட்டைகள் வாங்கியாகிவிட்டது. இனி அந்தக் காரணமும் இல்லை.

அளவுப் பலகை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றி என்னிடம் சொன்னதைவிட எனக்குப் பின்னால் சொன்னதே அதிகம்.

ஆகஸ்டில் செயற்குழு ஒப்புதலோடு தச்சரிடம் ஒரு மீட்டர் நீளப் பலகைகள் செய்யச் சொன்னேன். ஒரு முனையில் மீனின் மூக்கை முட்டவைக்கத் தடுப்பு, பக்கத்தில் சென்டிமீட்டர் கோடுகள், மேலே நீர் புகாத வண்ணம். கூடவே ஒரு பதிவேடு: தேதி, இடம், இரை, நீர் ஏற்றமா வற்றமா, மீன், நீளம், எடுத்ததா விட்டதா. விதி இரண்டே. ஒன்றரை அடிக்குக் குறைந்த கொடுவாயை நீரில் விட வேண்டும். 80 சென்டிமீட்டரைத் தாண்டிய கொடுவாயையும் விட வேண்டும். இடைப்பட்டதை விருப்பம்போல் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

சிறியதை விடு என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பெரியதை விடு என்றபோதுதான் சங்கத்தில் வாடைக்காற்று அடித்தது. காரணத்தை நான் அப்போதே சொன்னேன், வந்திருந்தவர்கள் குறைவு என்பதால் மீண்டும் சொல்கிறேன். கொடுவா ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டையிடக் கடலின் உப்புக்குப் போகும், குஞ்சுகள் உப்பங்கழிக்கு வந்து வளரும். நாம் “அடேயப்பா” என்று தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வெட்டுவது அடுத்த பத்து ஆண்டுக்கான தாயை. இது என் கற்பனை இல்லை. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் நாம் தூண்டில் வீசும் அதே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாயை அடைப்பில் வளர்த்து இனப்பெருக்கம் செய்யவைத்தவர்கள் அவர்கள், 1997-ல். அந்தச் சாதனைக்கு அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால், முகத்துவாரத்தில் தானாக நிற்கும் தாய் மீனை யாரும் கத்தியால் தொடமாட்டார்கள்.

பலகை வந்த பிறகு நம் மீன்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன என்பதை மட்டும் பணிவோடு பதிவுசெய்கிறேன். சென்ற ஆண்டு வாட்ஸ்அப்பில் மூன்றரை அடிக் கொடுவாய்கள் வாரந்தோறும் நீந்தின. இந்த ஆண்டு பதிவேட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. “வெட்டிக் குழம்பு வைக்க வேண்டிய மீனுக்குச் செயலாளர் ஜாதகம் எழுதுகிறார்” என்று பேசப்பட்டதும் என் காதுக்கு வந்தது. நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். எழுதிய ஜாதகம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருக்கலாம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நம் கரையில் கடல்நீரின் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆகவே பெரும்பாலோர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பதிவேட்டைப் புரட்டினால், பரமன்கேணி உப்பங்கழியில் கிடைத்த கொடுவாயில் பெரும்பங்கு நீர் வற்றத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் என்று தெரிகிறது. டிசம்பர் இறுதியில் மீன் முழுவதும் முகத்துவாரத்துக்கு அருகே. பிப்ரவரியில் உப்பு ஏறியதும் உள்ளே பாலத்துத் தூண்களுக்கு வந்துவிட்டது. தண்ணீர் கலங்கலாக இருந்த நாட்களில் உயிர் இறாலுக்கு ஈடாக எந்தச் செயற்கை இரையும் நிற்கவில்லை. தெளிந்த பிறகு மர மீனும் ரப்பர் மீனும் சமமாகக் கடிபட்டன. ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்த சங்கத்துக்கு இப்போது ஒரு பருவத்தின் கணக்கு இருக்கிறது. அடுத்த பருவத்தையும் சேர்த்தால் இதன் மதிப்பு இரட்டிப்பாகும்.

பரமன்கேணி என்றதும் துணைத் தலைவர் என்னைப் பார்ப்பது தெரிகிறது. அவர் அனுமதியோடு சொல்கிறேன். தை மாதம், பௌர்ணமிக்கு அடுத்த நாள், விடிவதற்கு முன். உயிர் மடவையைக் கோர்த்துப் போட்ட அவருடைய ரீல் கதறியது. கொடுவாயின் செவுள் மூடி கத்தி போன்றது என்பதால் முன்னால் தடித்த நரம்பு, அதாவது தூண்டில் இழை, கட்டியிருந்தார். இல்லாவிட்டால் இரண்டாவது தாவலிலேயே அறுத்துக்கொண்டு போயிருக்கும். வாயை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறிய உதறலில் பாலத்தின் அடுத்த பக்கம் நின்றவர்களும் ஓடிவந்துவிட்டார்கள். கரைக்கு வந்ததும் ஈரப்படுத்திய பலகையில் வைத்தோம். 80-ஐத் தாண்டி 90-ஐயும் தாண்டியது. துணைத் தலைவர் முப்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர். இதைவிடப் பெரியது அவர் கைக்கு வந்ததில்லை. “ஒரே ஒரு முறை, செயலாளரே” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம். வீட்டில் அன்று மருமகன் விருந்து என்றும் சொன்னார்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை, பதிவேட்டைத் திறந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரே இடுப்பளவு நீரில் இறங்கி, வயிற்றுக்கு அடியில் கைகொடுத்து, ஓட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துப் பிடித்துக்கொண்டார். செவுள் சீராக அசையத் தொடங்கிச் சிறிது நேரத்தில் வாலை அடித்து அவர் முகமெல்லாம் தண்ணீர் தெறிக்க அது போய்விட்டது. பிறகு இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அவர் கைப்பேசியின் முகப்புப் படத்தில் அந்தக் கொடுவா பலகையோடு, அளவு தெரியும்படி இருந்தது. இன்றும் அதுவே இருக்கிறது. பலகை இல்லாவிட்டால் அந்தப் படத்தை யார் நம்பியிருப்பார்கள் என்பதை அவரிடமே கேளுங்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் அறிக்கையில் சேர்க்காமல் விட முடியாது. பிப்ரவரியில் நம் உறுப்பினர் ஒருவர், சங்கம் கேட்டு வாங்கிய அனுமதியில் நின்று பிடித்த கொடுவாய்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஓர் உணவு விடுதிக்கு விற்றார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கும் தெரியும், அவர் பக்கத்தில் வழக்கமாக உட்காருபவருக்கும் தெரியும். செய்தி மறுநாளே குப்பத்துக்குப் போய்விட்டது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வைத்திருப்பதே சிறு மீனவரின் பிழைப்புக்காக. அந்தப் பரப்பில் பொழுதுபோக்குக்கு நிற்க விட்டவர்களோடு நாமே சந்தையில் போட்டிக்குப் போனால், நம்மை எதற்காக நிற்க விட வேண்டும்? தலைவரும் நானும் போய் ஊர்ப் பெரியவர்கள் முன் ஒரு மாலை முழுவதும் நின்றோம். உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பாட்டி, “இவர்கள் கேட்டுவிட்டாவது வருகிறார்கள்” என்று சொன்னதால் இந்த ஆண்டும் அங்கே நாம் போக முடிகிறது. பிடித்த மீனை விற்பவரின் உறுப்பினர் தகுதி தானாகவே நீங்கும் என்ற திருத்தத்தை இன்று தீர்மானமாக வைக்கிறேன். எதிர்ப்பவர்கள் எழுந்து நின்று எதிர்க்கலாம்.

சந்தாவும் வருகையும்

ஆண்டுச் சந்தா 600 ரூபாய். நல்ல ஜப்பான் இரை ஒன்று இதைப் போல் இரண்டு மடங்கு விலை. அப்படிப்பட்ட இரைகளை முட்டுக்காட்டுப் பாறையில் ஒரே காலையில் வரிசையாக அறுத்துக்கொண்டு, “போகட்டும், கடலுக்குத்தானே” என்று சிரித்தவர், சந்தா என்றதும் “மாதக் கடைசி” என்கிறார். எல்லா மாதத்துக்கும் கடைசி உண்டு என்பது உண்மைதான்.

நிலுவைப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம் என்று பொருளாளர் சொன்னார். நான் தடுத்துவிட்டேன். ஒட்டினால் சுவரில் இடம் போதாது. மேலும் பட்டியலில் இருப்பவர்களில் சிலர் செயற்குழுவில் இருக்கிறார்கள்.

வருகையைப் பற்றி. இந்தக் குளிர்காலத்தில் காலை நாலரை மணிக்குத் திருவான்மியூரில் வேனுக்குக் காத்து நின்ற முகங்கள் பெரும்பாலும் அதே முகங்கள். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களால் படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம் வந்தவர்கள் தலையில் விழுந்தது. வராததற்குச் சொல்லப்பட்ட காரணங்களைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், வேண்டுவோர் பார்க்கலாம். பெரும்பாலானவை பனியைப் பற்றியவை. பனி ஒத்துக்கொள்ளாது, பனியில் இருமல், பனியில் மூட்டுவலி. எந்தப் பனி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சால்வையே தேவைப்படாத மார்கழி அது. பனி தொண்டைக்கு ஆகாது என்று ஆலம்பரைப் பயணத்துக்கு வராத நண்பரை அன்று மாலையே மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீன் வாசலில் பார்த்தேன். கையில் குளிர்ந்த பாதாம் பால் இருந்தது. நலம் விசாரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் உண்மையிலேயே நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் யாரும் தகவல் சொல்லாமல் இருந்ததில்லை.

வரவு செலவு

தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடியே. உயிர்காப்புச் சட்டைகள், முதலுதவிப் பெட்டி, கூட்டங்களுக்குக் காபி, வடை ஆகியவை பெரிய இனங்கள். அளவுப் பலகைகளுக்குக் ‘கணிசமான’ தொகை போனதாக ஒரு பேச்சு உலவுகிறது. பலகைகளுக்கான செலவைவிடக் காபி, வடைக்கான செலவு அதிகம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வங்கியில் இருப்பு உண்டு. பெருமைப்படும்படி இல்லை, வெட்கப்படும்படியும் இல்லை. ‘இதர செலவுகள்’ என்ற இனத்தைப் பற்றிக் கேள்வி இருப்பவர்கள் பொருளாளரிடம் கேட்கலாம். அவர் என்னிடம் கேட்பார்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி தாக்கல் செய்ய வேண்டிய ஆண்டு விவரங்கள் தயாராகிவிட்டன. உறுப்பினர் பட்டியலில் முகவரி மாறியவர்கள் தெரிவித்தால் நல்லது. தபால் திரும்பி வருகிறது. சந்தா நினைவூட்டும் தபால்கள் மட்டும் ஏன் கூடுதலாகத் திரும்பி வருகின்றன என்று தபால்காரரைத்தான் கேட்க வேண்டும்.

நன்றி

நம்மைத் தங்கள் துறைகளில் நிற்க விட்ட மீனவ ஊர்களுக்கும், நேரத்துக்கு வந்து நேரத்துக்குக் கரைசேர்த்த படகுக்காரர்களுக்கும், விடியற்காலையில் உயிர் இறால் எடுத்துவைத்த அம்மாவுக்கும் முதல் நன்றி. இடத்தை வாடகையின்றித் தந்த நண்பருக்கும், தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், பொருளாளருக்கும், வேன் ஓட்டுநருக்கும், காலை நாலு மணிக்குப் பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொடுத்த எல்லா வீட்டாருக்கும் நன்றி. அறுந்த நரம்பைக் கரையில் விடாமல் பைகளில் சேர்த்துக்கொண்டு வந்த கல்லூரி மாணவர்களுக்குத் தனி நன்றி. நரம்பு காலில் சுற்றிய ஒரு நாரையை அவிழ்த்துவிட்டதும் அவர்கள்தான். அவர்களுக்குச் சந்தாவில் பாதிச் சலுகை கேட்டிருக்கிறேன். முழுச் சந்தா கட்டாதவர்கள் இதை எதிர்க்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன்.

வரும் ஆண்டு

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வரும் குளிர்காலமும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதிதர முடியாது. மழை தப்பினால் முகத்துவாரம் அடையும். வாடை வலுத்தால் படகு இறங்காது. இந்த ஆண்டு கிடைத்த பருவத்தில் சங்கம் முழுவதும் வந்திருந்தால் பதிவேடு இப்போது இருப்பதைப் போல் மூன்று பங்கு இருந்திருக்கும்.

திட்டங்கள் சில வைத்திருக்கிறேன். பிச்சாவரத்துக்கு ஒரு பயணம். தூண்டில் முள்ளின் முனையில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் அழுத்திவிட்டுப் பயன்படுத்தும் பயிற்சி, விடும் மீனுக்குக் காயம் குறையும். பள்ளி மாணவர்களுக்கு முட்டுக்காட்டில் கிழங்கான் காலை ஒன்று. இரண்டாவது பதிவேடு அச்சுக்குத் தயார்; முதல் பதிவேட்டில் ‘குறிப்புகள்’ என்ற கட்டத்தில் என்னைப் பற்றி எழுதப்பட்டவை இரண்டாவதில் சேர்க்கப்படமாட்டா.

செயலாளர் பொறுப்பில் என் காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. மருத்துவர் அலைச்சலைக் குறைக்கச் சொல்கிறார், வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். பொறுப்பேற்க முன்வருபவர் யாராக இருந்தாலும் மகிழ்ச்சியோடு சாவியை ஒப்படைப்பேன். பதிவேடு, பலகைகள், நிலுவைப் பட்டியல் மூன்றும் சேர்த்தேதான் ஒப்படைக்கப்படும், தனித்தனியாக அல்ல. சென்ற மாதம் சுற்றறிக்கை அனுப்பியும் இதுவரை வேட்புமனு எதுவும் வரவில்லை. மனு கொடுக்க இன்று மதியம் ஒரு மணி வரை நேரம் இருக்கிறது. போட்டியிட நடப்பு ஆண்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது விதி.

ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலுக்கு அருகே உள்ள மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசி வழியாகவும் கட்டலாம், அட்டை ஒட்டியிருக்கிறது. மதிய உணவு அதற்கு அடுத்த அறையில்.

இங்ஙனம்,
செயலாளர்